டாக்டர் சீட் கிடைக்காத பிள்ளைக்கு என்ன வழி? – வாசகர் கேள்வி பதில்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பல, மருத்துவம் சார்ந்த படிப்புகளைப் பற்றியே கேட்டிருந்தன. பதில் சொல்பவர் மண்டபத்தில் பிறந்தவர். பல்கலைக்கழகம் ஒன்றில் பிசியோதெரபி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

டீச்சர், என் மகள் பிளஸ் டூவில் உயிரியலில் நல்ல மார்க். நீட்டில் வரவில்லை. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ‘ஸ்கூல் ஆஃப் ஹெல்த் புரொஃபஷன்ஸ்’ என்று, டாக்டர் அல்லாத மருத்துவப் படிப்புகளுக்கு ஒரு பிரிவு இருக்கிறதாம். சேர்க்கலாமா என்றால், ‘டாக்டருக்குப் படிக்கலைன்னா மற்றதெல்லாம் எடுபிடி வேலைதான்’ என்கிறார் என் கொழுந்தனார்.
– ஒரு தாய், தங்கச்சிமடம்

கொழுந்தனார் மேல் எனக்குக் கோபம் இல்லை அம்மா. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அவர் சொல்வது தப்பு.

உங்கள் ஊரில் நடக்கிற ஒரு காரியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். போட்டில் கயிறு இழுக்கும்போது கை சிக்கி, விரலை மடக்கும் தசைநாண் அறுந்து வருகிறவர்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். சர்ஜன் அதைத் தைத்துவிடுவார். அதற்கு அப்புறம்தான் நீண்ட வேலை. தைத்த நாண் முழு பலம் பெற ஏறக்குறைய 12 வாரம் ஆகும். பயந்துபோய் விரலை அசைக்காமலே வைத்திருந்தால், நாண் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் விரல் மடங்காது. அவசரப்பட்டு இழுத்தாலோ தையலே அறுந்துவிடும். இந்த வாரம் எவ்வளவு மடக்கலாம், அடுத்த வாரம் எவ்வளவு என்று பார்த்துப் பார்த்துக் கொண்டுபோவதும், அதற்கேற்ற தாங்கியை அந்தக் கையின் அளவுக்கு வளைத்துப் பொருத்துவதும் பிசியோதெரபிஸ்டும், அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் செய்கிற வேலை. கடைசிக் கட்டத்தில் அந்த ஆளிடம், கிழிந்த வலையைத் தைக்கிற ஊசியைக் கொடுப்போம். முதலில் துணி சுற்றித் தடிமனாக்கிய ஊசி. அது கைக்குப் பழகியதும் துணியை ஒரு சுற்றுக் குறைப்போம். அப்புறம் இன்னொரு சுற்று. கடைசியில் அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஊசியை வெறுமனே பிடித்து ஒரு கண்ணியைப் போட்டு முடிக்கும்போது, கூட வந்த மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் கை மறுபடி சம்பாதிக்கப் போகிறது. இதை எடுபிடி வேலை என்று எப்படிச் சொல்வது?

நர்சிங், பார்மசி, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர், எக்ஸ்ரே ஸ்கேன், கண் பரிசோதனை, காது கேட்பு பேச்சுப் பயிற்சி என்று இந்தப் பட்டியல் நீளும். மகளை ஒருநாள் ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், இந்த வேலை செய்கிற இரண்டு மூன்று பேரிடம் பேச விடுங்கள். எதில் அவள் மனசு நிற்கிறது என்று பார்த்து அதில் சேருங்கள்.

அதே மாதிரி ஒரு பல்கலைக்கழகத்தின் கையேடு என்னிடம் இருக்கிறது. ‘எங்கள் நோக்கம்’ என்று ஒரு பக்கம், ‘எங்கள் வளர்ச்சி’ என்று நாலு பக்கம். சில படிப்புகளோடு தொடங்கி இப்போது ஏகப்பட்ட படிப்புகளாம். இதை வைத்து நல்ல இடமா என்று கண்டுபிடிக்க முடியுமா?
– ஒரு தகப்பன், கீழக்கரை

அந்த நாலு பக்கத்தை வைத்து முடியாது. நல்ல இடங்கள் எப்படி வளர்ந்தன என்று தெரிந்தால் ஓரளவு முடியும்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் அதை 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார். 1903இல் கம்பவுண்டர்களுக்குப் பயிற்சி. 1909இல் நர்ஸ்களுக்குப் பள்ளி. பெண்களை டாக்டராக்கும் பள்ளி 1918இல்தான் வந்தது. வரிசையைக் கவனித்தீர்களா? டாக்டர் படிப்பு கடைசி. வாசலில் நோயாளிகள் நின்றார்கள். மருந்து கலக்க ஆள் வேண்டும், ராத்திரி பக்கத்தில் இருந்து பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆட்களை அங்கேயே பழக்கினார்கள். 1946இல் நர்சிங்கில் பட்டப்படிப்பே வந்துவிட்டது. நோயாளியின் தேவை முன்னால் போனது, படிப்பு பின்னால் வந்தது. வளர்ச்சி என்று நான் மதிப்பது அதைத்தான்.

பிற்பாடு இந்தப் பயிற்சி பல்கலைக்கழகங்களுக்குள் தனித்தனிப் பிரிவாக வளர்ந்தது. அமெரிக்காவில் 1966இல் இந்தத் தொழில்களுக்கு ஆள் பழக்க அரசு பணம் தர ஒரு சட்டம் போட்டார்கள். அதிலிருந்து அங்கே இப்படிப்பட்ட பிரிவுகள் பெருகின. நம் மாநிலத்தில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் 1988இல் இயங்கத் தொடங்கி, மருத்துவக் கல்லூரிகளோடு நர்சிங், பார்மசி, பிசியோதெரபி கல்லூரிகளையும் ஒரே குடைக்கீழ் கொண்டுவந்தது. நர்ஸ்களுக்கு 1947லேயே தேசிய அளவில் சட்டம் வந்துவிட்டது. பிசியோதெரபி, லேப், எக்ஸ்ரே போன்றவற்றுக்கு அப்படி ஒரு சட்டம் வர 2021 வரை காத்திருந்தோம். என்னோடு வேலை பார்த்தவர்களில் பலர் அதைப் பார்க்காமலே ஓய்வு பெற்றுவிட்டார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அந்தச் சட்டம் 50க்கு மேற்பட்ட தொழில்களைப் பெயர் சொல்லி அங்கீகரிக்கிறது. டெக்னீஷியன் போன்ற அலைடு ஹெல்த் தொழில்களுக்கு டிப்ளமோவோ பட்டமோ குறைந்தது 2,000 மணி நேரம் படித்திருக்க வேண்டும், பிசியோதெரபிஸ்ட் போன்ற ஹெல்த்கேர் புரொஃபஷனல் என்ற தகுதிக்குக் குறைந்தது 3,600 மணி நேரப் பட்டப்படிப்பு வேண்டும் என்கிறது. ஆறு மாசத்தில் லேப் டெக்னீஷியன் ஆக்குகிறோம் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் போர்டு மாட்டியிருப்பவர்களை இந்தக் கணக்கை வைத்தே விலக்கிவிடலாம்.

இனி உங்கள் பல்கலைக்கழகம். நேரில் போய்க் கேளுங்கள். சொந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா, அதில் படுக்கைகள் நிரம்பியிருக்கின்றனவா? டயாலிசிஸ் படிப்பில் வகுப்புக்கு முப்பது பேரைச் சேர்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் நாலு மெஷின்தான் என்றால் பிள்ளை சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வரும். பாடம் நடத்துகிறவர் அதே தொழிலைப் படித்தவரா? என் பிள்ளை எந்த வருஷத்தில் முதன்முதலாக நோயாளியின் பக்கத்தில் போகும்? கடைசிக் கேள்விக்குச் சட்டென்று பதில் வராத இடத்தை நான் இருந்தால் யோசிப்பேன். அப்புறம், படிப்புகள் பெருகிய அளவுக்கு ஆசிரியர்களும் பெருகினார்களா என்று மூன்றாம் வருஷப் பிள்ளைகளிடம் கேன்டீனில் வைத்துக் கேளுங்கள். அவர்கள் உண்மையைச் சொல்வார்கள்.

எங்க ஊருக்கு எப்பவாவது காலேஜ் பிள்ளைங்க வந்து பிரஷர் பார்த்துட்டு, போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. அதனால எங்களுக்கு என்ன பிரயோஜனம்?
– பாசி எடுக்கும் பெண், சின்னப்பாலம், பாம்பன்

ஒரு பிரயோஜனமும் இல்லை தாயி. நீங்கள் கேட்டது நியாயம். கல்லூரியின் கையேட்டில் ‘சமூக சேவை’ என்று அந்தப் போட்டோதான் வரும்.

பாடப்புத்தகத்தில் உங்கள் வேலை கிடையாது. மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பிய்க்கக் கடலுக்குள் மூச்சடக்கிப் போகிறீர்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரல் ஒவ்வொன்றுக்கும் துணியைச் சுற்றிக் கட்டுகிறீர்கள். அந்தத் துணி உப்புத் தண்ணீரில் ஊறி, அதற்குள்ளேயே தோல் வெந்துபோகிறது. இதைப் பார்க்காத ஒரு பிள்ளை, ‘கையைச் சுத்தமாக, ஈரமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று உங்களுக்கு அறிவுரை சொல்லிவிட்டுப் போகும்.

நான் பாடம் எடுத்த காலத்தில், கிராமத்துக்குப் போகிற மாணவர்கள் அங்கேயே தங்க வேண்டும், முதல் சில நாள் யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாது, ஜனங்கள் செய்கிற வேலையைப் பார்க்க மட்டும் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். வகுப்பு நேரம் வீணாகிறது என்று எதிர்ப்பு வந்தது. ஆனால் அப்படித் தங்கிய பிள்ளைகள் வேறு மாதிரி திரும்பி வந்தார்கள். குனிந்து மீன் தரம் பிரிக்கிற பெண்ணின் முதுகுவலிக்கு, ‘குனியாதீர்கள்’ என்று சொல்லாமல் கூடையை எந்த உயரத்தில் வைக்கலாம் என்று யோசித்தார்கள்.

கற்றுக்கொடுப்பதும் இரண்டு பக்கமும் நடக்கும். திருக்கை முள் குத்தினால், கை பொறுக்கிற சூட்டில், அதாவது 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில், குத்துப்பட்ட காலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமுக்கி வைத்தால் வலி இறங்கும். அந்த விஷம் சூடு தாங்காது. அதன் பிறகு முள் துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா என்று பார்க்கவும், டெட்டனஸ் வராமல் தடுக்கும் டிடி ஊசி போடவும் கட்டாயம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நர்சிங் முடித்து இந்தக் கரைக்கு வேலைக்கு வருகிற எந்தப் பிள்ளைக்கும் இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். 2022இல் ராமநாதபுரத்தில் 100 இடங்களோடு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. டாக்டர்கள் உருவாகிற ஊரிலேயே மற்றவர்களும் படித்தால், உங்கள் கரை அவர்களுக்குத் தூரமாக இருக்காது. அடுத்த தடவை பிரஷர் பார்க்க வருகிறவர்களிடம், ‘மறுபடி எப்ப வருவீங்க?’ என்று கேளுங்கள். தேதி வாங்காமல் விடாதீர்கள்.

மனநலம் இந்தப் படிப்புகளில் சேருமா?
– கல்லூரி மாணவர், ஏர்வாடி

சேரும் தம்பி. உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததும் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் அங்கே ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டியிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. குடும்பங்கள் அவர்களைக் கொண்டுவந்து விட்டதற்குக் காரணம் கொடுமை இல்லை. கொண்டுபோக வேறு இடம் தெரியவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் எந்த விதத்திலும் சங்கிலி போடக் கூடாது என்று தடுத்துவிட்டது. ஆனால் சங்கிலி இருந்த இடத்தில் மனிதர் வர வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பேசுகிற மனநல சமூகப் பணியாளர், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவைக்கிற மனநல நர்ஸ், மறுபடி ஒரு வேலையைப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பேச்சு வழியாகச் சிகிச்சை தருகிற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். டாக்டர் ஒருவரால் இத்தனையும் முடியாது. நீங்கள் இதில் எதையாவது படிப்பதாக இருந்தால், தயவுசெய்து படியுங்கள். ஏர்வாடிக்காரர் ஒருவர் அங்கே வந்து நிற்கிற குடும்பத்திடம் பேசினால் அந்தக் குடும்பம் கேட்கும்.

எனக்கு இயற்பியல்தான் பிடிக்கும். ரத்தம் பார்த்தால் மயக்கம் வரும். இந்தப் பக்கம் எனக்கு இடம் உண்டா?
– பதினோராம் வகுப்பு மாணவி, ராமேஸ்வரம்

உன் ஊர்க்காரரிடமிருந்தே பதில் சொல்கிறேன். ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவனத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் கலாம் ஐயாவின் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, ஏவுகணைக்குச் செய்த ஒரு பொருளைத் தூக்கிப் பார்த்து, இவ்வளவு லேசா என்று அசந்துபோனார். தன் வார்டுக்குக் கூட்டிப்போய், 3 கிலோ எடையுள்ள, காலைத் தாங்கும் உலோகக் காலிப்பரை மாட்டிக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடக்கும் குழந்தைகளைக் காட்டினார். கொஞ்ச வாரத்தில் அதே பொருளில் 300 கிராம் காலிப்பர் தயாரானது. அந்தக் குழந்தைகள் ஓடினார்கள். செயற்கைக் கால், காலிப்பர் செய்வதற்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. எக்ஸ்ரே, ஸ்கேன் படிப்புக்கும் அடிப்படை இயற்பியல்தான். மயக்கம் பலருக்குப் பழகப் பழகப் போய்விடும், அதை நினைத்துப் பின்வாங்காதே.

பணம்தான் தடை, டீச்சர்.
– வாசகி, தொண்டி

உங்கள் பெண் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் வரும். கல்லூரியில் சேர்ந்ததும் அலுவலகத்தில் கேட்டுப் பதியச் சொல்லுங்கள். பேங்க் கல்விக் கடனில் 4 லட்சம் வரைக்கும் பொதுவாக வீடு நிலம் அடமானம் கேட்க மாட்டார்கள். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் இ-சேவை மையத்தில் அந்தச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். கலந்தாய்வு நேரத்தில் கூட்டம் அதிகம்.