மகளின் புராஜெக்ட் எலிப்சோமெட்ரி: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

வணக்கம் ஐயா.

எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி ஆண்டில் மகளுக்கு எலிப்சோமெட்ரியில் புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள், பெயரே வாயில் நுழையவில்லை, இதற்கு வேலை உண்டா, பேசாமல் பைத்தான் கோர்ஸில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எலிப்சோமெட்ரி என்பது மிக மெல்லிய படலத்தின் தடிமனை ஒளியை வைத்து அளக்கும் முறை. தலைப்பு நல்ல தலைப்பு, மாற்றச் சொல்லாதீர்கள். பைத்தானையும் கற்கட்டும், இந்த வேலைக்கே அது தேவைப்படும். ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள். மெஷினை ஓட்டத் தெரிந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். மெஷின் காட்டும் எண் சரியா என்று கேள்வி கேட்டு நிரூபிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. வேலை அவர்களுக்குத்தான்.

பிளஸ் டூவில் வந்த புரூஸ்டர் கோணம்தான் இதற்கு வேர். கண்ணாடியில் சுமார் 57 பாகையில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே தளத்தில் அதிர்கிறது. சிலிக்கனுக்கு அந்தக் கோணம் ஏறக்குறைய 75. தளவிளைவுற்ற ஒளியை, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை, அந்தக் கோணத்துக்கு அருகில் பாய்ச்சினால், படுதளத்தில் (விழும் கதிரும் திரும்பும் கதிரும் அமையும் தளம்) அதிரும் கூறும் அதற்குச் செங்குத்தான கூறும் வெவ்வேறு அளவில், வெவ்வேறு கட்டத்தில் (அலை முன்பின்னாக நகர்ந்து) திரும்புகின்றன. இரண்டும் சேர்ந்து நீள்வட்டமாகின்றன. அந்த நீள்வட்டத்தின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான் கருவியின் பெயர். கருவி அளப்பது இரண்டு எண்கள்: வீச்சு விகிதத்தைச் சொல்லும் சை, கட்ட வேறுபாட்டைச் சொல்லும் டெல்டா. படலத்தின் தடிமனை இவற்றிலிருந்து கணக்கிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒரு நானோமீட்டருக்கும் குறைவான படலம் படிந்தாலே டெல்டா நகர்ந்துவிடும். இது நேற்று முளைத்த மோகமும் அல்ல. ஜெர்மனியில் பால் ட்ரூட 1880களின் கடைசியிலேயே இதன் சமன்பாடுகளை எழுதிவிட்டார்.

வேலை எங்கே என்ற கேள்விக்கு வருகிறேன். சிப் செய்யும் ஆலையில் ஆக்சைடு, நைட்ரைடு படலங்களின் தடிமனை அன்றாடம் சரிபார்ப்பது இந்த முறையில்தான். மொஹாலியில் அரசின் செமிகண்டக்டர் ஆய்வகம் இருக்கிறது. குஜராத்தின் தொலேராவில் டாடா எலெக்ட்ரானிக்ஸ், தைவானின் சிப் நிறுவனமான பிஎஸ்எம்சியோடு சேர்ந்து ஆலை அமைக்கிறது. வேஃபர் (சிப் செய்யும் சிலிக்கன் தகடு) அளவீட்டுக் கருவிகள் செய்யும் கேஎல்ஏ நிறுவனத்துக்குச் சென்னையிலேயே மையம் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் திறந்த ஃபர்ஸ்ட் சோலார் ஆலை, கண்ணாடியின் மேல் காட்மியம் டெல்லுரைடு படலம் பூசித்தான் பேனல் செய்கிறது. மூக்குக்கண்ணாடி லென்ஸ் பூச்சு, கேமரா லென்ஸ் பூச்சு என்று இன்னும் சில துறைகள் இருக்கின்றன. விளம்பரத்தில் எலிப்சோமெட்ரி என்ற சொல் அநேகமாக இருக்காது. மெட்ராலஜி (அளவீட்டியல்) இன்ஜினியர், தின் ஃபிலிம் (மெல்லிய படலம்), பிராசஸ் இன்ஜினியர் என்ற பெயர்களில் தேடச் சொல்லுங்கள். எம்.எஸ்சி.யோடு நேரே ஆலைக்குள் நுழைவது கடினம், அதை மறைக்க விரும்பவில்லை. கேட் தேர்வு எழுதி எம்.டெக்., அல்லது நெட், ஜெஸ்ட் தேர்வுகள் வழியாக பிஎச்.டி. என்பதே உறுதியான பாதை.

இனி நான் எழுதுவது மகளுக்கு. அப்படியே அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அம்மா, கைடு சொன்ன துத்தநாக ஆக்சைடு படலத்தில் நேராகக் கை வைக்காதீர்கள். முதல் மாதம் முழுக்க, சிலிக்கன் மேல் வளர்த்த 100 நானோமீட்டர் வெப்ப ஆக்சைடு ஒன்றே போதும். அதன் ஒளிவிலகல் எண் 632.8 நானோமீட்டரில் 1.457 என்று எல்லோருக்கும் தெரியும். உங்கள் விடை அதிலிருந்து விலகினால் தவறு சாம்பிளில் இல்லை, உங்கள் கையில் அல்லது மாடலில், அதாவது சை, டெல்டாவிலிருந்து தடிமனைக் கணக்கிட நீங்கள் எடுத்துக்கொண்ட படல வடிவத்தில்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 632.8 நானோமீட்டர் ஒளி தரும் ஹீலியம் நியான் லேசர் மட்டும் வைத்து 70 பாகையில் அளந்தால், இந்த ஆக்சைடில் ஒவ்வொரு 284 நானோமீட்டருக்கும் சை, டெல்டா இரண்டும் அதே மதிப்புக்குத் திரும்பிவிடும். 100 என்று வந்த படலம் 384 ஆகவும் இருக்கலாம், கருவிக்கு வித்தியாசமே தெரியாது. இன்டர்வியூவில் கேட்கத் தகுந்த கேள்வி இது. பல அலைநீளங்களில் அளப்பது ஒரு வழி. இன்னொரு வழி வெறும் கண்: வெள்ளை விளக்கின் கீழ் நேராக மேலிருந்து பார்த்தால் 100 கருஊதா, 384 பச்சைச் சாயல் கொண்ட மஞ்சள். அளக்கும் முன் நிறத்தை நோட்டில் எழுதிவிடுங்கள்.

சாம்பிள் அளவைக் கவனியுங்கள். 3 மி.மீ. கற்றை 75 பாகையில் விழும்போது பரப்பில் கிட்டத்தட்ட 11.6 மி.மீ. நீளத்துக்குப் பரவும். கல்லூரிகளில் வழக்கமாக வெட்டும் 1 செ.மீ. துண்டில் ஒளி ஓரத்தைத் தாண்டி வழியும், தாங்கியில் பட்டுத் திரும்பும், டேட்டா கெட்டுவிடும். குறைந்தது 2 செ.மீ. வெட்டுங்கள், அல்லது குவிக்கும் லென்ஸ் கேளுங்கள்.

கண்ணாடித் தகட்டில் பூசினால் பின்பக்கத்திலிருந்தும் ஒளி திரும்பி வந்து கலக்கும். பின்பக்கத்தை எமரித் தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள், அல்லது மங்கலான செலோடேப்பை நன்றாக அழுத்தி ஒட்டுங்கள். டேப்புக்கு அடியில் காற்றுக் குமிழ் நிற்கக் கூடாது.

அதிகம் பேர் தடுக்கி விழுவது மாடலில். துத்தநாக ஆக்சைடு சுமார் 375 நானோமீட்டருக்குக் கீழே ஒளியை உறிஞ்சும். ஒளிவிலகல் எண் அலைநீளத்தோடு மாறுவதைச் சொல்லும் கோஷி சமன்பாடு உறிஞ்சாத பகுதிக்கு மட்டுமே பொருந்தும். 250 முதல் 1000 நானோமீட்டர் வரை மொத்தத்துக்கும் கோஷி போட்டுவிட்டு எம்.எஸ்.இ. (அளவுக்கும் மாடலுக்கும் உள்ள சராசரிப் பிழை) குறையவில்லை என்று கவலைப்படுகிறார்கள். முதலில் 450க்கு மேல் மட்டும் எடுத்துத் தடிமனைப் பிடியுங்கள். அதை நிறுத்திவைத்துவிட்டு உறிஞ்சும் பகுதிக்கு வேறு மாடலோடு போங்கள். மேற்பரப்புச் சொரசொரப்புக்கு பாதி படலம், பாதி காற்று என்று ஒரு மெல்லிய அடுக்கு சேர்க்கலாம். ஏ.எஃப்.எம். (பரப்பை நுண்முனையால் வருடி மேடுபள்ளம் காட்டும் நுண்ணோக்கி) காட்டும் அளவோடு அது ஒட்டுகிறதா என்று பாருங்கள். சும்மா எம்.எஸ்.இ.யைக் குறைக்க அடுக்கு மேல் அடுக்கு சேர்ப்பது ஏமாற்று வேலை, அனுபவமுள்ளவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள்.

படலம் 10 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் தடிமனையும் ஒளிவிலகல் எண்ணையும் ஒன்றாகத் தேட வேண்டாம், ஒன்றின் பிழையை மற்றொன்று விழுங்கிவிடும். எண்ணை நிலையாக வைத்துத் தடிமனை மட்டும் தேடுங்கள். சிலிக்கன் மேல் காற்றிலேயே உருவாகும் ஒன்றரை முதல் 2 நானோமீட்டர் ஆக்சைடையும் கணக்கில் சேருங்கள்.

பயோடேட்டாவில் ‘எலிப்சோமெட்ரி தெரியும்’ என்று எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். எந்தப் படலம், எத்தனை இடத்தில் அளந்தீர்கள், எந்த மாடல், படல விளிம்பின் உயரத்தை அளக்கும் புரொஃபைலோமீட்டரோடு எவ்வளவு ஒத்துப்போனது என்று இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் துறையில் கருவி இல்லையென்றால் நாட்டின் ஆய்வுக் கருவிகளைப் பட்டியலிடும் ஐ-ஸ்டெம் இணையதளத்தில் வெளியாருக்குத் திறந்திருக்கும் ஆய்வகங்களைத் தேடி, கட்டணம் கட்டிப் பதிவு செய்யலாம். நேரம் கிடைக்கத் தாமதமாகும், அதனால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். அளந்து முடித்ததும் ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். சை, டெல்டா மூல டேட்டாவை டெக்ஸ்ட் ஃபைலாகக் கேட்டு வாங்குங்கள். பைத்தானில் நீங்களே ஃபிட் செய்து, அதாவது மாடலை அளவோடு பொருத்தி, பார்க்க அதுதான் வேண்டும்.