பழைய பிக்கப்பில் மலை இறங்கும்போது பிரேக் பெடல் தரையைத் தொடுகிறது, லைனிங் (பிரேக் பிடிக்கும் தேய்மானப் பட்டை) மாற்றியும் தீரவில்லை. என்ன செய்வது?

தயவுசெய்து இன்னொரு முறை லைனிங் மாற்றாதீர்கள். வண்டியை நிறுத்தி ஆறவிட்டால் பெடல் தானாக மேலே வந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. உங்கள் வண்டியில் பிரேக் ஆயில் கொதிக்கிறது. வாங்கிய நாளிலிருந்து அதை முழுவதும் மாற்றியிருக்க மாட்டீர்கள். குறையும்போது ஊற்றி நிரப்பியிருப்பீர்கள். நானும் ஆறு ஆண்டுகள் அப்படித்தான் ஓட்டினேன்.

சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஏலக்காய் மூட்டைகளைப் போடிநாயக்கனூருக்கு இறக்குகிறவன் நான். வண்டி 2008 மாடல். போடிமெட்டு இறக்கத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள். 2022 நவம்பரில் ஒரு காலை, இருபது மூட்டைகளோடு பாதி மலை இறங்கியிருந்தேன். ஒரு வளைவில் பெடல் பஞ்சுபோல் அமுங்கியது. அடுத்த வளைவுக்கு முன்னால் காலை வைத்தால் நேராகத் தரைக்குப் போனது. பக்கத்தில் தங்கை மகன் உட்கார்ந்திருந்தான். "மாமா" என்று மட்டும் சொன்னான், அதற்கு மேல் அவனுக்குக் குரல் வரவில்லை. கியரை மூன்றிலிருந்து இரண்டுக்கும், பிறகு ஒன்றுக்கும் இறக்கினேன். கைபிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். மலைச்சுவர் ஓரத்து ஓடையில் முன் சக்கரத்தை இறக்கித்தான் வண்டியை நிறுத்த முடிந்தது. அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால், ஒன்றுமே நடக்காததுபோல் பெடல் மேலே நிற்கிறது!

ஒரு பட்டறையில் முன் பேடும் பின் லைனிங்கும் மாற்றினார்கள். பத்தாம் நாள் அதே இடத்தில் அதே கதை. அடுத்த பட்டறையில், பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் கிட்டை மாற்றினார்கள். அதற்குள் ஊரில், "அவன் பிரேக்கிலேயே காலை வைத்து ஓட்டுகிறவன்" என்று பேச்சு. இருபத்திரண்டு ஆண்டுகள் இந்த மலையில் ஓட்டியவனைப் பார்த்துச் சொல்கிற சொல்லா அது?

பூப்பாறையில் எல்லோரும் ஆசான் என்று கூப்பிடும் பெரியவர்தான் கண்டுபிடித்தார். எதையும் கழற்றவில்லை. ஆயில் டப்பா மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே கட்டன்சாயா, அதாவது பால் சேர்க்காத தேநீர் நிறம். "தம்பி, இது ஆயில் இல்லை, பாதி தண்ணீர்" என்றார். பாதி என்பது அவர் பேச்சு வழக்கு. ஆனால் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பது உண்மை. பிரேக் ஆயிலில் டாட் 3 என்கிற தரம் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140. டாட் 4-க்கு அதே கணக்கு 230, 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிற்கும். ஆவி அமுங்கும். கால் கொடுக்கும் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

என் வண்டியில் இன்னொன்றும் இருந்தது. பின் அச்சுக்கு மேலே, பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு இருக்கிறது. அதன் கம்பி துருப்பிடித்து, வண்டி காலியாக இருக்கும் நிலையிலேயே நின்றுவிட்டது. அதனால் எவ்வளவு ஏற்றினாலும் முன் சக்கரங்களே வண்டியைப் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. மலை இறங்கியதும் முன்பக்கம் கருகிய வாடை, பின் டிரம்மில் வெறும் வெதுவெதுப்பு. இதை நான் கவனித்திருந்தேன், பொருள் புரியவில்லை. அந்த முன்பக்கச் சூடுதான் ஆயிலைக் கொதிக்கவைத்திருக்கிறது. எல்லா மாடலிலும் இந்த வால்வு இருக்காது. உங்கள் வண்டியில் இருந்தால் அந்தக் கம்பி அசைகிறதா என்று பாருங்கள்.

உங்களுக்கும் இதுவேதான் என்று நான் சத்தியம் செய்யவில்லை. வண்டி ஆறிய நிலையில், எஞ்சின் ஓட, பெடலை ஒரே அழுத்தமாகப் பிடியுங்கள். மெல்ல மெல்ல இறங்கினால், வெளியே கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டர். டப்பாவில் ஆயில் குறைந்துகொண்டே வந்தால் டயரின் உள்பக்கம் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், சக்கரத்துக்குள் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் கசியும். இரண்டாம் மிதியில் பெடல் உயர்ந்தால் பின் டிரம் அட்ஜஸ்ட்மென்ட். பெடல் கல்லாக இருந்தால், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர், அல்லது அதற்கு வரும் வெற்றிடக் குழாய். சூட்டில் மட்டும் போய், ஆறினால் வருவது ஆயில்தான்.

"பழைய வண்டியை வைத்துக்கொண்டு மலையில் ஏன் அடுத்தவர் உயிரோடு விளையாடுகிறாய்" என்று எழுதப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புது வண்டியிலும் ஆயில் ஈரம் பிடிக்கும். புது வண்டி வாங்கும் அளவுக்கு வாடகையை யாரும் கொடுப்பதில்லை. அன்றைக்கு மூட்டைகள் இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன என்று ஏலக்காய் வியாபாரி என் வாடகையில் முந்நூறு ரூபாய் பிடித்துக்கொண்டார். வண்டி ஓடையில் கிடந்ததைச் சொன்னேன். மூட்டை நனைந்ததா என்று கேட்டார். பையனுக்கு ஏதாவது ஆனதா என்று கேட்கவில்லை. டீசல் விலை ஏறிய ஒரு நாளாவது அவர் வாடகையை ஏற்றிக் கொடுத்ததில்லை. அந்த முந்நூறு இன்னும் வரவில்லை.

ஆயிலை மாற்றும்போது முத்திரை உடைக்காத டின் வாங்குங்கள். பட்டறையில் திறந்து கிடக்கும் மிச்சம் வேண்டாம். நம் வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் இருப்பது இடது பின் சக்கரம். அங்கே தொடங்கி வலது பின், இடது முன், வலது முன் என்று ஏர் எடுக்க, அதாவது குழாயிலுள்ள காற்றையும் பழைய ஆயிலையும் வெளியேற்றச் சொல்லுங்கள், உங்கள் வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதுதான் சரி. நடுவில் டப்பா காலியாகக் கூடாது. புது ஆயில் நிறம் வரும்வரை நான்கு சக்கரத்திலும் விடச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள். முதலில் காலி வண்டியைச் சமதளத்தில் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகு பாரம் ஏற்றலாம். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.