தண்ணீர்க்காரர் பதில்கள்: லேத்துச் சீவலும் காப்பிச் சக்கையும்

கேள்வி: சிங்கப்பூர் துவாஸில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். விடுதியில் என் பக்கத்துக் கட்டில்காரர் பங்களாதேஷ். "நீ தினமும் கூட்டி அள்ளுகிற இரும்புச் சீவலை வைத்துத்தான் எங்கள் ஊரில் குடிதண்ணீர் வடிகட்டுகிறார்கள்" என்கிறார். எண்ணெய்ப் பிசுக்கோடு கிடக்கும் அந்தக் குப்பையிலா? கதை விடுகிறாரா?
- ஒரு வாசகர், துவாஸ்

பதில்: கதை இல்லை தம்பி. சந்தேகப்பட்டதற்கு அவருக்கு ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

குளத்துத் தண்ணீரைக் குடித்து வாந்திபேதி வருகிறதென்று பங்களாதேஷில் 1970களிலிருந்து ஊர் ஊராகக் குழாய்க் கிணறு இறக்கினார்கள். அந்தத் தண்ணீரில் ஆர்செனிக் என்ற விஷம் இருப்பது 1990களில்தான் தெரிந்தது. அதற்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது, ருசியிலும் தெரியாது. லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அங்கே அதைப் போலப் பல மடங்கு இருந்த கிணறுகள் ஏராளம்.

இரும்பு துருப்பிடித்தால் நமக்கு எரிச்சல். ஆனால் அந்தத் துருவின் மேல்தான் ஆர்செனிக் போய் ஒட்டிக்கொள்கிறது. முதலில் மூன்று மண்பானைகளை அடுக்கி, மேல்பானையில் மணலும் இரும்புச் சீவலும் போட்டுப் பார்த்தார்கள். வேலை செய்தது. ஆனால் சீவல் துருவேறிக் கட்டியாகி, தண்ணீர் இறங்குவதே நின்றுபோனது. அப்புறம் அபுல் ஹுசாம் என்ற வேதியியல் பேராசிரியர், சீவலைப் பக்குவப்படுத்தி, துருப்பிடித்தாலும் தண்ணீர் ஊடே இறங்கும்படி செய்தார். அதுதான் 'சோனோ' வடிகட்டி. இரண்டு வாளி, மணல், பக்குவப்படுத்திய இரும்பு, கரி, செங்கல் சில்லு, அவ்வளவுதான் சரக்கு. 2007இல் அதற்கு அமெரிக்காவில் 10 லட்சம் டாலர் பரிசு கிடைத்தது.

இந்தக் கட்டியாகிற தொல்லையை நானும் பட்டிருக்கிறேன். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு முலாம் பூசும் பட்டறையில் கழிவுநீர்த் தொட்டி என் பொறுப்பு. குரோமிய முலாம் பூசிய சாமான்களைக் கழுவிய தண்ணீர் எலுமிச்சை மஞ்சளாக வரும். அந்த மஞ்சள்தான் ஆபத்தான வகை. அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் மருந்துச் செலவைக் குறைக்கச் சொன்னார் முதலாளி. பக்கத்து லேத்துப் பட்டறையில் ஒரு சாக்குச் சீவல் வாங்கி, அமிலம் சேர்த்த அந்தத் தண்ணீர் டிரம்மில் இறக்கினேன். முதல் தடவை மேலே எண்ணெய் மிதந்து, தண்ணீர் முன்பைவிட மோசம். சீவலைக் கழுவத் தோன்றவில்லை எனக்கு! சோப்புத் தண்ணீரில் அலசி மறுபடி போட்டேன். மஞ்சள் மெல்ல வெளுத்து, கலங்கிய பச்சையானது. குரோமியம் ஆபத்துக் குறைந்த வகையாக மாறிவிட்டது என்று அர்த்தம். சுண்ணாம்பு போட்டதும் அது அடியில் சேறாக இறங்கியது. இரண்டே வாரம். மூன்றாவது வாரம் சாக்கை வெளியே தூக்கினால், உள்ளே செங்கல் மாதிரி ஒரே கட்டி. சம்மட்டியால் அடித்தும் உடையவில்லை.

அந்தச் சேற்றையும் கட்டியையும் காரங்குனிக்காரரிடம் (பழைய சாமான் வாங்குபவரிடம்) போட முடியாது. உரிமம் வாங்கிய நச்சுக்கழிவு லாரிதான் வர வேண்டும். மிச்சம் பிடித்த மருந்துக் காசில் பாதி அந்த லாரிக்குப் போனது. முதலாளியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் சீவலை விடுதியில் வாளியில் போட்டுப் பரிசோதனை செய்ய வேண்டாம். அதில் கூலண்ட் (வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றும் திரவம்) இருக்கும், எந்த உலோகக் கலவை என்றும் தெரியாது. ஸ்டெயின்லெஸ் சீவல் என்றால் துருவே லேசில் பிடிக்காது, அதனால் இந்த வேலைக்கு உதவாது. இங்கே குழாயில் வருவது நேராகவே குடிக்கலாம்.

கேள்வி: காப்பிச் சக்கை தண்ணீரில் இருக்கும் ஈயம், செம்பையெல்லாம் இழுத்துவிடும் என்று என் மகன் பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு வந்து சொல்கிறான். காப்பிக்கடையில் கேட்டால் ஒரு பை நிறையக் கொடுக்கிறார்கள். மீன் தொட்டியில் போடலாமா?
- ஒரு வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: மகன் சொன்னது சரிதான் அம்மா. ஆய்வுக்கூடத்தில் இழுக்கிறது. ஆனால் தொட்டியில் போட்டால் சக்கை அழுகும், அழுகும்போது தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனைத் தின்னும். காலையில் எழுந்து பார்த்தால் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதோடு, உங்கள் தொட்டியில் ஈயம் எங்கிருந்து வரப்போகிறது? அங்கே தொந்தரவு மீன் கழிவில் வரும் அம்மோனியா. வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லச் சேர்க்கும் குளோரமின் இருக்கும், ஒரு நாள் வைத்திருந்தாலும் போகாது. வளர்ப்பு மீன் கடையில் அதை முறிக்க விற்கும் மருந்துச் சொட்டு விட்டபிறகு ஊற்றுங்கள்.

வாங்கி வைத்த சக்கையைக் காயவைத்து, தாழ்வாரத்துக் கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு கைப்பிடி தூவலாம். ஒரு கைப்பிடிதான். எத்தனை மீன், எத்தனை லிட்டர் தொட்டி என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.