பக்கவாதத்துக்குப் பிறகு, கண் நன்றாக இருந்தும் இடது பக்கம் ஏன் கவனத்துக்கு வருவதில்லை?

"பக்கவாதம் வந்த மாமனார் தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிடுகிறார், கண் டாக்டரோ பார்வையில் குறையில்லை என்கிறார்" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

அம்மா கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். மூளையின் வலது பக்கம் அடைப்பு. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அவரைக்கொட்டையில் சொத்தை பொறுக்குகிறேன் என்று முறத்தை வாங்கி வைத்துக்கொண்டார். கை வேகம் குறையவே இல்லை. நடு முறத்தோடு நிறுத்திவிட்டு "ஆச்சு" என்றார். இடது பாதியில் கறுப்புக் கறுப்பாகச் சொத்தை கிடந்தது. முறத்தை அப்படியே சுற்றி வைத்தேன். "இத்தனையை யாரு இப்ப கொண்டாந்து கொட்டினது?" என்று என்னைத் திட்டினார்.

இதைப் 'பக்கப் புறக்கணிப்பு' என்கிறார்கள். கண் பார்க்கிறது, மூளை அந்தப் பக்கம் கவனத்தைத் திருப்புவதில்லை. பெரும்பாலும், வலது காதுக்கு மேலே சற்றுப் பின்னால் உள்ள மூளைப் பகுதி அடிபட்டால் வரும். தோட்டத்துக்கு இரண்டு காவல்காரர்கள் என்று வையுங்கள். வலது மூளை இரண்டு பக்கமும் சுற்றுகிறவர், இடது மூளை வலது பக்கம் மட்டும். முதல் ஆள் படுத்துவிட்டால், இடது பக்கம் காட்டெருமையே வந்து நின்றாலும் சொல்ல ஆளில்லை.

பார்வைப் புலமே பாதி போனவர்கள் வேறு. அவர்களில் பலர் குறை தெரிந்து தாங்களாகவே தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். அம்மாவுக்கோ குறை இருப்பதே தெரியாது. இடது பக்கம் உட்கார்ந்து பேசிய தம்பி, அம்மா தன்னிடம் முகம் கொடுக்கவில்லை என்று ஒரு வாரம் கோபமாகத் திரிந்தான், பாவம். இரண்டு கோளாறும் சேர்ந்தும் வரலாம். அதனால் நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இன்னும் ஆச்சரியம், நினைவிலும் இடது பக்கம் விட்டுப்போவது. 1978-இல் பிசியாக், லுசாட்டி என்ற இத்தாலிய ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட நோயாளிகளிடம் மிலான் நகரத் தேவாலயச் சதுக்கத்தை மனதில் நினைத்துச் சொல்லச் சொன்னார்கள். ஒரு முனையில் நிற்பதாக நினைத்தபோது வலப்பக்கக் கட்டடங்களையே சொன்னார்கள். எதிர்முனையில் நிற்பதாக நினைத்ததும், முதலில் விட்டவை வந்தன, சொன்னவை காணாமல் போயின. நானும் அம்மாவிடம் லயத்திலிருந்து, அதாவது எஸ்டேட் தொழிலாளர் வீட்டு வரிசையிலிருந்து, கொழுந்து எடை போடும் செட்டுக்குப் போகும் வழியைக் கேட்டேன். போகும்போது மாரியம்மன் கோயில் இல்லை. திரும்பி வரும்போது இருந்தது!

பலருக்கு முதல் சில மாதங்களில் இது கணிசமாகக் குறையும். அதுவரை அடுப்படியிலும் படிக்கட்டிலும் தனியே விடாதீர்கள். முக்கியமானதை வலப்பக்கம் நின்று சொல்லுங்கள். பயிற்சிக்கு, முறத்தின் இடது ஓரத்தில் சிவப்பு ரிப்பன் கட்டி, "சிவப்பு தெரியற வரைக்கும் தலையைத் திருப்பும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். இப்போது அவரே தேடுகிறார். போன வாரம் ரிப்பன் அவிழ்ந்து விழுந்த அன்று மட்டும் பழையபடி நடு முறத்தோடு "ஆச்சு" என்றார்.