நுணுக்கமான ஓவியத்தை படம் எடுக்க எந்த கேமரா?

கேள்வி: ஏ3 பேப்பர்ல பேனா மையில ரொம்ப பொடிக்கோடு போட்டு வரையுறேன், ஒண்ணு முடிக்கவே ஒரு மாசம் ஆகுது. போன்ல எடுத்தா நடுவுல நல்லா இருக்கு, ஓரத்துல கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது, வெள்ளை பேப்பரும் மஞ்சளா தெரியுது. பிரிண்ட் போடணும்னு ஆசை. 45, 60 மெகாபிக்சல் கேமரா வாங்கினாதான் சரியா வருமா?

பதில்: அவ்வளவு தேவையே இல்லைங்க. ஏ3ன்னா 420 × 297 மில்லிமீட்டர், அதே சைஸ்ல இன்ச்சுக்கு 300 பிக்சல் வெச்சு பிரிண்ட் போட 4961 × 3508 பிக்சல் இருந்தா போதும், அதாவது பதினேழரை மெகாபிக்சல் கூட வராது. சாதாரண 24 மெகாபிக்சல் கேமராவே 6000 × 4000 தருது. அதனால பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) பழசா, செகண்ட் ஹேண்டா இருந்தாலும் பரவாயில்ல, ரா ஃபைல் (கேமரா சுருக்காம, திருத்தாம தர்ற படம்) எடுக்கணும், அவ்வளவுதான். மிச்சமாகுற காசை லென்ஸ்லயும் லைட்லயும் போடுங்க, உங்க ஒரு மாச உழைப்பு படத்துல தெரியுறதும் தெரியாததும் அங்கதான் இருக்கு.

லென்ஸ்னா மேக்ரோ. தட்டையான பொருளை பக்கத்துல வெச்சு எடுத்தா ஓரம் வரைக்கும் ஒரே மாதிரி ஷார்ப்பா வர்றதுக்குன்னே செஞ்சது அது, நேர்கோடும் வளையாது. படம் பதியுற சென்சார் சின்னதா, ஏபிஎஸ்-சியா இருந்தா 50, 60 எம்எம், அதைவிட பெரிய ஃபுல் ஃப்ரேம்னா 90லேர்ந்து 105. அபெர்ச்சர், அதாவது லென்ஸுக்குள்ள வெளிச்சம் போற ஓட்டை, எஃப்/8ல வைங்க; எண் கூடினா ஓட்டை சின்னதாகும். நிறைய பேர் எல்லாம் ஃபோகஸ்ல இருக்கட்டும்னு எஃப்/22 வரைக்கும் போயிடுறாங்க, அங்க போனா டிஃப்ராக்‌ஷன் வந்து, அதாவது சின்ன ஓட்டையில வெளிச்சம் விரிஞ்சு, பொடிக்கோடுதான் முதல்ல மங்கும். ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை கேமரா எவ்வளவு கூட்டி காட்டணும்ங்கிற அளவு) 100, டிரைபாட், 2 செகண்ட் டைமர்.

கேமரா ஓவியத்துக்கு நேரா இருக்கான்னு பார்க்க ஒரு வழி சொல்றேன். ஓவியத்தோட நடுவுல ஒரு சின்ன கண்ணாடியை படுக்க வெச்சு வியூஃபைண்டர்ல பாருங்க, உங்க லென்ஸ் அந்த கண்ணாடியில நட்டநடுவுல தெரிஞ்சா நேரா இருக்குன்னு அர்த்தம், கொஞ்சம் தள்ளி தெரிஞ்சாலும் ஒரு ஓரம் ஃபோகஸ் விட்டுப்போகும்.

மஞ்சளா தெரியுறதுக்கு காரணம் கேமரா இல்ல, லைட். ஜன்னல் வெளிச்சமும் பல்பும் கலந்தா எந்த கேமராவாலயும் சரி பண்ண முடியாது. ரூம் லைட்டை அணைச்சிட்டு, சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியா காட்டுதுங்கிற அளவு, 100தான் உச்சம்) 95க்கு மேல உள்ள ஒரே மாதிரி ரெண்டு எல்இடியை ரெண்டு பக்கமும் 45 டிகிரியில ஒரே தூரத்துல வைங்க. பேப்பர் நடுவுல ஒரு பென்சிலை நிமிர்த்தி பிடிச்சா ரெண்டு பக்கமும் விழுற நிழல் ஒரே கருப்பா இருக்கணும், அதுவரைக்கும் லைட்டை நகர்த்திட்டே இருங்க. ஒரு கிரே கார்டை (நிறச்சாயம் இல்லாத சாம்பல் அட்டை) வெச்சு முதல் படம் எடுத்துக்கோங்க, வைட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையா தெரிய வேண்டிய அளவு, அதுலேர்ந்து எடுக்கலாம். வெள்ளை பேப்பரை பார்த்து கேமரா ஏமாந்து இருட்டா எடுக்கும், அதனால எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் ரெண்டு மடங்கா, ஏத்துங்க.

பெரிய படம் வரைஞ்சா? அப்பவும் புது கேமரா வேண்டாம், பகுதி பகுதியா எடுத்து ஒட்டலாம். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் 2022ல வெளியிட்ட ரெம்ப்ராண்டோட ‘நைட் வாட்ச்’ ஓவியத்தோட 717 கிகாபிக்சல் (ஒரு கிகாபிக்சல்னா ஆயிரம் மெகாபிக்சல்) படம் கூட 8439 படங்களை ஒட்டினதுதான். ஏ4க்குள்ள இருக்குற மை ஓவியம்னா ஒரு நல்ல ஸ்கேனரே போதுங்க.

கேள்வி: வார்னிஷ் அடிச்ச ஓவியத்துல பளபளப்பு விழுது, என்ன பண்ணலாம்?

பதில்: லைட் முன்னாடி போலரைசிங் ஷீட் (ஒரே திசையில அதிர்ற வெளிச்சத்தை மட்டும் விடுறது), லென்ஸ்ல போலரைசர் ஃபில்டர் ரெண்டும் போட்டு, பளபளப்பு மறையுற வரைக்கும் ஃபில்டரை திருப்புங்க. தங்க ரேக் ஒட்டின இடம் மட்டும் இதுல கருத்துப்போயிடும், அது இருந்தா ஷீட் இல்லாம இன்னொரு படமும் எடுத்து கம்ப்யூட்டர்ல அந்த இடத்தை மட்டும் சேர்த்துக்கோங்க.