மாசத்துல நாலு நாள் தங்குற மலை வீட்டுக்கு நிலக்கரி அடுப்பு சரிவருமா?

கேள்வி: அண்ணே வணக்கம், எனக்கு ஊரு கோட்டையூர். கொடைக்கானல்ல பூம்பாறை போற வழியில சின்னதா ஒரு மர வீடு இருக்கு, ஒரே ரூம்தான், 12க்கு 14 அடி, மேல சீட்டு. மாசத்துல ரெண்டு வாட்டி வெள்ளிக்கிழமை ராத்திரி போயி ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இறங்கிருவோம். மார்கழி தையில குளிர் தாங்க முடியல, அம்மாவுக்கு மூட்டு வலி வேற. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடை ஒண்ணுல வெளிநாட்டு நிலக்கரி அடுப்பு பாத்தேன், காஸ்ட் அயர்ன், கதவுல பூ வேலைப்பாடு, 45,000 சொல்றாங்க. நிலக்கரி ராத்திரி பூரா நின்னு எரியுமாமே, வாங்கலாமா? அது வர்ற வரைக்கும் வீட்டுல கிடக்குற குமுட்டி அடுப்புல கரி போட்டு ரூமுக்குள்ள வச்சுக்கலாமா?

பதில்: ரெண்டாவதா கேட்டதுக்கு மொதல்ல சொல்லிடுறேன் தம்பி, அது உசுரு விஷயம். குமுட்டியை ரூமுக்குள்ள வைக்கவே வைக்காதீங்க, அஞ்சு நிமிஷம் கூட வேணாம். நம்ம ஊருல அப்பத்தா காலத்துல குமுட்டி வச்சு வேலை பாத்தது வானம் பாத்த முற்றமும் உசந்த கூரையும் இருக்குற வளவு வீட்டுல, அங்க எந்த வாயுவும் தங்காது. மலையில நீங்க ஜன்னல் இடுக்குல துணி வச்சு அடைச்சுட்டுல்ல படுப்பீங்க. கரி தணலா செவந்து கிடக்கும்போது புகையே தெரியாது, அதனாலதான் ஒண்ணுமில்லன்னு நினைச்சுர்றோம், ஆனா அப்பத்தான் கார்பன் மோனாக்சைடு வந்துக்கிட்டே இருக்கும், நிறம் கிடையாது வாசனை கிடையாது, லேசா தலைவலி, குமட்டல், அப்புறம் தூக்கம் சொக்கும், அந்தத் தூக்கத்துலேயே போயிருவாங்க. ஒரு தடவை எங்க மாமா குடும்பம் மலையில இப்படித்தான் கரிச்சட்டியை உள்ள வச்சுட்டுப் படுத்துட்டாங்க, சின்னப் பிள்ளை வாந்தி எடுத்து அழுததாலதான் முழிச்சாங்க, இப்ப நினைச்சாலும் எனக்கு கை நடுங்குது.

சரி, அடுப்புக்கு வருவோம். உங்க வீட்டுக்கு நிலக்கரி வேணாம்ங்கிறதுதான் என் முடிவு, ஏன்னு சொல்றேன். ராத்திரி பூரா நிக்கும்னு சொன்னது உண்மைதான், நல்ல நிலக்கரி நல்ல அடுப்புல ஒரு தடவை போட்டா எட்டு மணி நேரத்துக்கு மேலயே நிக்கும், ஆனா அது தினமும் அதே வீட்டுல இருந்து அடுப்பை அணைய விடாம பாத்துக்கிறவங்களுக்கு. நீங்க வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு போயி இறங்குறீங்கன்னு வைங்க, மொதல்ல விறகுல தீ மூட்டி கங்கு பிடிக்கணும், அதுமேல கொஞ்சங்கொஞ்சமா நிலக்கரி போடணும், ஒரேடியா கொட்டினா அணைஞ்சுரும், முழுசா சூடு ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். ஞாயித்துக்கிழமை இதே கதை தலைகீழா, நீங்க நாலு மணிக்கு கிளம்பணும், உள்ள கிடக்குற கங்கு அணையாது, அதை எரிய விட்டுட்டு வத்தலக்குண்டு இறங்கினா உங்களுக்கு நிம்மதி இருக்குமா? மர வீடு வேற. சாம்பலுக்குள்ள கங்கு அடுத்த நாள் வரைக்கும் கூட உசுரோட இருக்கும், மூடி போட்ட இரும்பு வாளியில அள்ளி வெளிய மண்ணுல வைக்கணும், பலகை மேல வைக்கவே கூடாது.

அடுத்தது கரி. அந்த மாதிரி வெளிநாட்டு அடுப்பு நிறைய ஆந்த்ரசைட்னு ஒரு கெட்டியான கரிக்காக செஞ்சது, அமெரிக்காவுல பென்சில்வேனியா பக்கம் கிடைக்குறது, புகை கம்மி, சாம்பல் கம்மி. நம்ம நாட்டுல அது ரொம்ப அபூர்வம். இங்க கிடைக்குற சாதா நிலக்கரியில பெரும்பாலும் 30 சதவீதத்துக்கு மேல சாம்பல், பத்து கிலோ எரிச்சா மூணு கிலோவுக்கு மேல அள்ளிக் கொட்டணும், அதுவும் கட்டி கட்டியா உருகி கிரேட்டுல, அதான் கரியைத் தாங்குற அடிக் கம்பித் தட்டுல, போயி சிக்கிக்கும். நெய்வேலி கரி பழுப்பு நிலக்கரி, அதுல பாதி ஈரம், ரூம் அடுப்புக்கு ஆகவே ஆகாது. கடைக்காரர் கரின்னு அடுப்புக்கரியைச் சொல்றாரான்னும் கேட்டுக்கங்க, இஸ்திரி பெட்டிக்கு போடுறது மரக்கரி, அது வேற இது வேற.

யாரும் யோசிக்காத இன்னொண்ணு அடுப்புல இருந்து புகை வெளிய போற குழாய். நிலக்கரி புகையில கந்தகம் இருக்கு, நீங்க ரெண்டு வாரம் பூட்டிட்டு வந்துருவீங்க, மஞ்சு இறங்கி குழாய்க்குள்ள ஈரம் கோத்துக்கும், கரிப்பொடியும் ஈரமும் சேர்ந்தா அமிலம், சாதா தகரக் குழாயை அரிச்சுத் தின்னுரும். ஓட்டை விழுந்த குழாய்னா அந்த வாயு திரும்ப ரூமுக்குள்ளதான வரும்.

அப்போ என்ன வாங்குறது? கதவு இறுக்கமா மூடுற சின்ன விறகு ஸ்டவ், கனமான ஸ்டீல் தகடுல செஞ்சது. காஸ்ட் அயர்ன் மெதுவா சூடேறும், ஸ்டீல் அரை மணியில கொடுக்க ஆரம்பிக்கும், வந்து போற வீட்டுக்கு அதுதான் நல்லது. உங்க ரூம் உசரம் ஒம்பது அடின்னு வச்சா 4 கிலோவாட் சூடு கொடுக்குற ஸ்டவ் தாராளம். பெருசா வாங்குனா வெக்கை தாங்காம காத்தை அடைச்சு அடைச்சு எரிப்பீங்க, குழாயில தார் மாதிரி படியும், அது தீப்பிடிக்கும். தைலமரக் கட்டையோ எதுவோ, நல்லா காஞ்சதா இருக்கணும், ரெண்டு கட்டையை தட்டினா கணீர்னு கேக்கணும், அடிச்சா மொத்துன்னு கேட்டா ஈரம். மரச் சுவருக்கும் ஸ்டவ்வுக்கும் மூணு அடி இடைவெளி விடுங்க. கீழ ஆத்தங்குடி கல்லு பதிக்கலாம்னு உங்களுக்கு ஆசை வரும், அது சிமெண்டும் மணலும்தான், எரியாது, ஆனா சூளையில சுட்ட கல்லு இல்ல, நேரா சூடு பட்டா விரியலாம், அதனால ஸ்டவ்வுக்கு நேர் கீழ செங்கல் போட்டுட்டு சுத்தி அழகுக்கு அதை வைங்க.

கூரையில மேல போற குழாய் உள்ளேயும் வெளியேயும் ரெண்டு அடுக்கு, நடுவுல சூடு தடுக்குற பஞ்சு வச்ச ஸ்டெயின்லெஸ் குழாயா இருக்கணும். சீட்டு ஆஸ்பெஸ்டாஸா இருந்தா நீங்களா அறுக்காதீங்க, அந்தத் தூசி நெஞ்சுக்கு ரொம்ப கெடுதி. கார்பன் மோனாக்சைடு அலாரம் பேட்டரியில ஓடுறது ஒண்ணு அம்மா படுக்கிற பக்கம் கண்டிப்பா வேணும், விறகா இருந்தாலும்.

இவ்வளவு சொல்லியும் அந்த பூ வேலைப்பாடு மனசை விட்டுப் போகலைன்னா கடையில ரெண்டு சோதனை பண்ணிப் பாருங்க. ஃபோன் டார்ச்சை எரியவிட்டு அடுப்புக்குள்ள வச்சு கதவை மூடிட்டு, கடை லைட்டை அணைக்கச் சொல்லுங்க, எங்கெங்க வெளிச்சம் கசியுதோ அங்கல்லாம் விரிசல். அப்புறம் கதவு இடுக்குல ஒரு பத்து ரூவா நோட்டை வச்சு மூடி இழுங்க, சுலபமா உருவிக்கிட்டு வந்தா கதவு பிடிக்கல, உள்ள இருக்குற சீல் கயிறு மாத்தணும். கிரேட் இருக்கா, ஆட்டினா அசையுதான்னு பாருங்க, பழைய மாடலுக்கு அது தனியா கிடைக்காது, பட்டறையில செய்யச் சொல்லணும். பில்லுல “விரிசல் இல்லை, கிரேட் உண்டு” அப்படின்னு எழுதி வாங்கிக்கங்க, பின்னாடி பிரச்சனைன்னா நுகர்வோர் புகார் நம்பர் 1915க்கு ஃபோன் பண்ண அந்த ஒரு வரிதான் உதவும்.

இந்த சீசனுக்கு எதுவும் முடியலைன்னா 2000 வாட் ஆயில் ஹீட்டர் போதும், ஃபுல்லா ஓடினா மணிக்கு ரெண்டு யூனிட், 15 ஆம்ப் பிளக்குல மட்டும் சொருகுங்க, எக்ஸ்டென்ஷன் போடாதீங்க. கரண்ட் போச்சுன்னா அம்மாவுக்கு வெந்நீர் பை, ரெண்டு கம்பளி. அப்பவும் குமுட்டி வெளிய திண்ணையிலயே இருக்கட்டும்.