ஒற்றைக் கண், ஒற்றைப் பல்: கிரேக்கச் சகோதரிகள் பற்றிக் கேள்வி பதில்

கிரேக்கப் புராணங்களில் வரும் பயங்கரச் சகோதரிகள் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் கைக்கு அகப்பட்டவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

ஐயா, ஒரே கண்ணை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும் மூன்று கிழவிகள்தானே மனிதர்களின் ஆயுள் நூலை நூற்று அறுப்பவர்கள்?

இல்லை. இது ஹாலிவுட் பண்ணிய குழப்படி. நூல் நூற்பவர்கள் மொய்ராய்: குளோதோ நூற்பாள், லாக்கிசிஸ் பங்கு போடுவாள், அட்ரோபோஸ் என்ற பெயருக்கே ‘திருப்ப முடியாதவள்’ என்று பொருள். அவர்களுக்குக் கண் பஞ்சம் எதுவும் இல்லை. கண்ணைப் பங்கு போட்டுக்கொள்பவர்கள் கிரையாய். கடல் தெய்வங்களான ஃபோர்கிஸுக்கும் கீட்டோவுக்கும் பிறந்தவர்கள். பார்த்தவரைக் கல்லாக்கும் மெடூசாவுக்கு உடன்பிறந்தவர்கள்.

‘கிரையாய்’ என்றால் கிழவிகள், அவ்வளவுதான். கிரேக்கத்தில் கிழவியைக் குறிக்கும் ‘கிரவுஸ்’ என்ற சொல்லுக்குக் காய்ச்சிய பாலின் மேல் படியும் ஆடை என்றும் பொருள் உண்டு. ஏன் என்று யோசித்துப் பார்த்தால் சுருக்கம் விழுந்த அந்த ஆடை கண்முன் வந்துவிடும்.

மூன்று பேர் காவலுக்கு இருக்கும்போது, மெடூசாவின் தலையை வெட்டப் போன வீரன் பெர்சியஸ் அந்தக் கண்ணை எப்படி எடுத்தான்? எனக்கு இது நம்பும்படியாகவே இல்லை.

நல்ல கேள்வி. கதையின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது. கண் ஒருத்தியிடம் இருக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் அதைக் கழற்றி அடுத்தவளிடம் நீட்டும்போது, கொடுப்பவளுக்கும் கண் இல்லை, வாங்குபவள் இன்னும் பொருத்திக்கொள்ளவில்லை, மூன்றாமவளுக்கு எப்படியும் தெரியாது. அந்த ஒரு கணம் மூவருமே குருடு. பெர்சியஸ் கையை நீட்ட வேண்டியது அப்போதுதான். ஷிஃப்ட் மாறும் நேரம் பார்த்து உள்ளே நுழைகிற திருடனுக்கு இருக்கிற அதே சாமர்த்தியம்.

அப்புறம் நடப்பதில் இரண்டு கதைகள் உண்டு. அப்பல்லோடோரஸ் பெயரில் வழங்கும் புராணத் தொகுப்பில் அவன் கண்ணோடு பல்லையும் எடுத்துக்கொண்டு பேரம் பேசுகிறான். கிழவிகளுக்குத் தெரிந்த ரகசியம் ஒரு வழி: சில கன்னித் தேவதைகள் இருக்கும் இடத்துக்குப் போகும் வழி. அந்தத் தேவதைகளிடம்தான் சிறகு வைத்த செருப்பும், தலையை வெட்டிப் போட ஒரு பையும், ஆளை மறைக்கும், பாதாளத் தெய்வம் ஹேடிஸின் தொப்பியும் இருந்தன. வழி சொன்னதும் கண்ணையும் பல்லையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். ஆஸ்கிலஸ் எழுதி, இன்று தொலைந்துபோன நாடகம் ஒன்றில் இவர்கள் மெடூசாவின் வாசற்காவலர்கள். பறித்த கண்ணை அவன் திரித்தோனிஸ் ஏரியில் வீசிவிட்டுப் போனானாம். எனக்கு முதல் பெர்சியஸைத்தான் பிடிக்கும். திருடினாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான்.

கிழவிகள் இருவர் என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். அச்சுப் பிழையா?

பிழை இல்லை. கி.மு. 700 வாக்கில் பாடிய கிரேக்கக் கவி ஹெசியட் இருவரைத்தான் சொல்கிறார்: நல்ல ஆடை உடுத்திய பெம்ஃப்ரெதோ, குங்குமப்பூ நிற ஆடை உடுத்திய எனியோ. ரோமானியக் கவி ஓவிடுக்கும் இருவர்தான். மூன்றாமவள் டைனோ, ‘பயங்கரி’, மற்ற நூல்களில் வருகிறாள். இன்னொரு வேடிக்கை: ஹெசியட் இவர்களை அழகிய கன்னம் உடையவர்கள் என்கிறார். பிறக்கும்போதே நரைத்த முடி, ஆனால் அழகிய கன்னம். ஆஸ்கிலஸ் பெயரில் வழங்கும் பிரமீதியஸ் நாடகத்திலோ அன்னம் போன்ற உருவம். சூரியனும் சந்திரனும் எட்டிப் பார்க்காத இடத்தில் வாசம். சூனியக்காரி உருவம் நாமாகக் கூட்டிக்கொண்டது.

மெடூசா சபிக்கப்பட்ட அழகிதானே? அவளுடைய அக்கா தங்கைகளும் சபிக்கப்பட்டவர்களா?

சாபக் கதை ஓவிட் சொல்வது, ஹெசியட்டுக்கு ஏறத்தாழ 700 வருடம் பிந்தியது. ஹெசியட்டிடம் சாபமே இல்லை. மெடூசாவும் அவளுடைய இரண்டு சகோதரிகளும் பிறப்பிலேயே கோர்கன்கள் என்ற அரக்கிகள். ஸ்தெனோவும் யூரியாலியும் சாகாவரம் பெற்றவர்கள், மெடூசாவுக்கு மட்டும் அது இல்லை. ஏன் என்று ஹெசியட் சொல்லவில்லை. மூன்று பேரில் ஒருத்தி மட்டும் சாகப் பிறந்தவள் என்பதே எனக்குச் சாபத்தைவிடப் பெரிய துக்கமாகப் படுகிறது.

மற்ற இருவரையும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கிரேக்கக் கவி பிண்டார் மறக்கவில்லை. கி.மு. 490இல் மிடாஸ் என்ற குழல் கலைஞன் வென்றதற்காக அவர் பாடிய பாட்டில், மெடூசா வெட்டுப்பட்டதும் யூரியாலி வாய்விட்டு அலறுகிறாள். அந்த ஓலத்தைக் கேட்ட தேவி ஏதீனா, அதைப் போலவே ஒலிக்க வேண்டும் என்று ஆவ்லோஸ் குழலிசையை உண்டாக்கினாளாம். வெட்டத் துணை நின்றதும் அவள்தான், ஒப்பாரியை ராகமாக்கியதும் அவள்தான்.

சைரன்கள் குரலால் மயக்கும் கடல்கன்னிகள் என்றுதான் பள்ளியில் சொல்லித் தந்தார்கள். சரியா சார்?

மீன்வால் பிற்காலத்தில் ஒட்டியது. பழைய கிரேக்கப் பானைகளில் அவர்கள் பெண்முகப் பறவைகள். ஹோமர் உருவத்தைச் சொல்லவே இல்லை. இருவர் என்பது மட்டும், இருவருக்கே உரிய சொல்வடிவத்தை அவர் பயன்படுத்துவதில் தெரிகிறது.

டிராய்ப் போர் முடிந்து கடல்வழி வீடு திரும்பும் ஒடிசியஸைப் பார்த்து, ஹோமரின் காவியத்தில் அவர்கள் பாடும் சில வரிகளைப் படித்துப் பாருங்கள். காதல் பேச்சு ஒன்றும் கிடையாது. டிராயில் பட்ட பாடெல்லாம் எங்களுக்குத் தெரியும், பூமியில் நடப்பதெல்லாம் தெரியும், கேட்டுவிட்டுப் போனால் விவரம் தெரிந்தவனாகப் போவாய் என்கிறார்கள். பத்து வருடம் போரில் கிடந்தவனுக்கு அதைவிடப் பெரிய தூண்டில் உண்டா? இழுத்தது குரல் இல்லை, அறிவாசை என்று ரோமானிய சிசரோ அப்போதே எழுதிவிட்டார். சுற்றிலும் அழுகிய மனிதர்களின் எலும்புக் குவியல் கிடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அண்ணா, அதிகம் பேர் கேள்விப்படாத சகோதரிகள் யாராவது?

பர்னாசஸ் மலையடிவாரத்துத் தேனீக் கன்னிகள். ஹெர்மிஸைப் பற்றிய பழைய துதிப்பாடலின் கடைசியில் வருகிறார்கள். மூன்று சகோதரிகள், வேகமான சிறகு, தலையில் வெள்ளை பார்லி மாவு தூவியது போல இருக்கும். அதை நரை என்பாரும் உண்டு, மகரந்தம் என்பாரும் உண்டு. மாடு மேய்க்கும் சிறுவனாக இருந்தபோது, குறி சொல்லும் தெய்வமான அப்பல்லோ இவர்களிடம்தான் ஒருவகைக் குறி பார்க்கக் கற்றான்; அப்பா ஜீயஸ் கண்டுகொள்ளவில்லை. தேன் கிடைத்தால் உண்மையைச் சொல்வார்கள். கிடைக்காவிட்டால் பொய்தான் வரும். குறி கேட்கப் போகிறவன் தேன் கொண்டுபோக வேண்டுமா என்று பாட்டில் இல்லை, நானாக இருந்தால் கொண்டுபோவேன்.

இவர்களைச் சிற்பத்திலோ ஓவியத்திலோ நேரில் பார்க்க முடியுமா?

கோர்கன்கள் தாராளமாகக் கிடைப்பார்கள். எனக்குப் பிடித்தது கிரீஸில் எலியூசிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் கி.மு. 7ஆம் நூற்றாண்டுப் பெரிய ஜாடி, 1.42 மீட்டர் உயரம். அதில் கோர்கன்களின் முகம் வெண்கலக் கொப்பரை போல இருக்கிறது, அதிலிருந்து பாம்புகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. தலையில்லாத மெடூசா ஒரு பக்கம் கிடக்க, இரண்டு சகோதரிகள் பெர்சியஸைத் துரத்துகிறார்கள், ஏதீனா குறுக்கே நிற்கிறாள். ஜாடிக்குள்ளே சுமார் பத்து வயதுப் பையன் ஒருவனின் எலும்புகள் இருந்தன.